கஞ்சமலை அடிவாரம்: ஓர் இரும்பு நிலத்தின் வரலாறு

அரபு இலக்கிய வகுப்பில் ஒரு நாள் ‘முஹன்னத்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியிருந்தது. ஹிந்த் நாட்டு இரும்பிற் செய்யப்பட்டது, அல்லது ஹிந்த் நாட்டு முறையில் வடிக்கப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். வாளுக்கு வழங்கும் அடைமொழியாகத் தோன்றி, பின்னர் வாளையே குறிக்கும் பெயராகவும் அச்சொல் நிலைத்துவிட்டது. இஸ்லாத்திற்கு முற்பட்ட கவிஞராகிய தரஃபாவின் முஅல்லகாவில் அச்சொல் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன்னர்க் கஅப் இப்னு ஜுஹைர் (ரலி) பாடிய புகழ்ப்பாவிலும் வருகிறது. “அரபு நாட்டார் தம் கவிதையிலே ஏற்றிப் போற்றிய வாள், நம் நாட்டு இரும்பின் பெயரைத் தாங்கியிருந்தது” என்று மாணவர்களுக்கு விளக்கினேன்.

மறுநாட் காலை, கஞ்சமலை அடிவாரத்திலிருந்து ஓதவரும் மாணவன் ஒருவன் துணியில் முடிந்த ஒரு பொருளைக் கொணர்ந்து என் முன் வைத்தான். கைப்பிடியளவு கல், கரிய நிறம், தேனடை போலச் சிறு சிறு துளைகள். அளவுக்கு மீறிக் கனத்தது. “ஹஜ்ரத், இது எங்கள் தோட்டத்தில் கிடந்தது. ஏர் ஓட்டும்போதெல்லாம் கொழுவில் தட்டும். பாட்டிமா இதைச் சிட்டம் என்று சொல்வார்கள். நேற்று நீங்கள் சொன்ன வாள் இரும்பு இதுதானா?” என்று கேட்டான். பிறகு தயங்கியபடியே இன்னொன்றும் சொன்னான்: “இது ஒரு மேடு முழுக்கக் கிடக்கிறது. நிலத்தைச் சமன் செய்ய அத்தா எந்திரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த மேடு இருக்காது.”

அவன் கொணர்ந்தது இரும்பன்று. கனிக்கல்லை உலையிலிட்டு உருக்கியபோது இரும்பு ஒருபால் திரள, எஞ்சிய கழிவு வழிந்து இறுகியதே சிட்டம். ஆயினும், சிட்டம் கிடக்கும் இடத்தில் உலை இருந்தது. உலை இருந்த இடத்தில் மனிதர் உழைத்தனர். அவர்கள் உழைத்த காலத்தில் அங்கு ஓர் ஊர் வாழ்ந்தது. ஏடும் கல்வெட்டும் சொல்லாத அவ்வூரின் வரலாற்றை, அறிஞர் கண்டறிந்தவற்றைத் துணையாகக் கொண்டு, இயன்றவரை தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் நிலமும்

சேலம் நகருக்கு மேற்கே சில கல் தொலைவில், சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்பது கஞ்சமலை. உயரம் ஏறத்தாழ 3,200 அடி. கிழக்கே சேர்வராயன் மலையிற் பிறந்து சேலத்தைக் கடந்து தெற்கே காவிரியை நோக்கிச் செல்வது திருமணிமுத்தாறு. மேற்கே அதே மலைத்தொடரிற் பிறந்து ஓமலூர் வழியாகக் காவிரிக்குச் செல்வது சரபங்கா நதி. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், மலையைச் சுற்றிலும் சிற்றூர்கள் அமைந்துள்ளன. சித்தர்கோவில், இளம்பிள்ளை, முருங்கப்பட்டி முதலியன அவற்றுட் சில. சித்தர்கோவிலுக்கு அமாவாசைதோறும் பல ஊர் மக்களும் திரள்வர்.

மலையின் பெயரிலேயே உலோகம் ஒலிக்கிறது. ‘கஞ்சம்’ என்பதற்குத் தாமரை, வெண்கலம் என்னும் பொருள்கள் அகராதிகளில் உள; பொன் என்றும் மக்கள் பொருள் கூறுவர். ஆனால் இம்மலையின் உண்மையான செல்வம் இரும்பே. காந்தத்தால் ஈர்க்கப்படும் கருநிறக் கனிமம், வெண்கற்பாறையோடு அடுக்கடுக்காகக் கலந்து, மலையைப் பட்டைபோற் சூழ்ந்து கிடக்கிறது. மழை பெய்து ஓடைகள் பாயும்போது வெண்மணல் அடித்துச் செல்லப்பட, எடைமிக்க கருமணல் வளைவுகளில் தங்கிவிடும். கல்லை வெட்டாமலே கனிமத்தை அள்ளிக்கொள்ளும் வாய்ப்பை இயற்கையே இம்மக்களுக்கு அளித்திருந்தது. அருகிலே அடர்ந்த காடு. காட்டிலே கரிக்கு வேண்டிய மரம். ஓடைக்கரையிலே உலைக்கும் மூசைக்கும் வேண்டிய களிமண். இரும்புத் தொழிலுக்கு வேண்டிய மூன்றும் ஒருங்கே அமைந்த நிலம் இது.

கற்கோடரியும் கல்வட்டமும்

இரும்புக்கு முன்னரும் இங்கு மனிதர் வாழ்ந்தனர். 1863ஆம் ஆண்டு சென்னைக்கருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர். அவரே வில்லியம் கிங் என்பாருடன் சேர்ந்து சேலம் பகுதியின் பாறை அமைப்பை ஆராய்ந்து எழுதினார். அவ்வறிக்கை 1864இல் வெளியாயிற்று. பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வீடமைத்துத் தங்கினார். சேர்வராயன் மலையில் அவர் திரட்டியவற்றுள் வழவழப்பாகத் தீட்டப்பட்ட கற்கோடரிகளும் உண்டு. இக்கோடரிகளை இடி விழுந்த இடத்திற் கிடைக்கும் கற்கள் என்று எண்ணி, மரத்தடியிலும் கோயிலிலும் வைத்து வழிபட்டுவந்த மலைமக்களும் இருந்தனர். காட்டைத் திருத்தி வேளாண்மை தொடங்கிய புதிய கற்கால மனிதரின் கைக்கருவி, பயன்பாடு மறக்கப்பட்டு வணக்கத்துக்குரிய பொருளாக மாறிற்று. மறதி என்பது எவ்வளவு ஆழமானது என்பதற்கு இஃதொரு சான்று.

அடுத்தது இரும்புக் காலம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கல்வட்டங்களும், பலகைக் கற்களால் அறைபோல அமைத்த கல்லறைகளும் மிகுதியாக உள. பாண்டவர் வீடு, பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்றெல்லாம் மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டு அழைப்பர். உள்ளே கறுப்பும் சிவப்புமாகச் சுட்ட மட்கலங்கள், எலும்புகள், அவற்றோடு இரும்பு வாளும் கத்தியும் அம்புமுனையும் கிடைக்கின்றன. இறந்தவரோடு இரும்பைப் புதைத்தார்கள் எனின், இரும்பு அவர்களுக்கு எத்துணை அருமையான பொருளாயிருந்திருக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

இவ்விரும்பின் காலத்தைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வெளிவந்த செய்திகள் வியப்பூட்டுவன. மேட்டூர்ப் பக்கத்து மாங்காட்டில் ஒரு கல்லறையிற் கிடைத்த வாளின் துண்டு, கரிமக் கணிப்பின்படி கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது எனக் கண்டறியப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 வரை பின்செல்வதாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் சான்றுகளைக் கொண்டு அக்காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு சென்றது. அறிஞர் உலகில் இவை குறித்த ஆய்வு மேலும் தொடரும். ஆனால் ஒன்று உறுதி: சேலம் நாட்டின் மேட்டு நிலத்தில் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு வாள் இருந்தது. அரபுக் கவிஞன் வாளைப் பாடுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது.

எழுத்து எழுந்த காலம்

எழுத்தின் ஒளி இந்நிலத்தின்மீது மெல்லப் படர்கிறது. வடக்கே தகடூரில் அதியமான் நெடுமான் அஞ்சியும், கிழக்கே கொல்லி மலையில் வல்வில் ஓரியும் ஆண்டதைச் சங்க நூல்கள் சொல்கின்றன. அஞ்சி கற்பனைப் பெயரல்லன் என்பதைத் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு மெய்ப்பித்தது. அசோகரின் சாசனங்கள் குறிப்பிடும் ‘சதியபுத்திரர்’ யார் என்னும் வினாவுக்கும் அதுவே விடையாயிற்று. தெற்கே காவிரிக்கு அக்கரையில், புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மேற்கே நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில், மணிக்கற் பட்டறைகளோடு இரும்பு உலையும், உருக்கு வடிக்கும் மூசைகளின் துண்டுகளும் வெளிப்பட்டன. ஆக, கொங்கு நாடு முழுவதும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பிலும் உருக்கிலும் கைதேர்ந்திருந்தது.

பின்னர் அதியர் மரபினர் எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் பாறையைக் குடைந்து இரண்டு குகைக் கோயில்களை அமைத்தனர். அங்குள்ள கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. கருங்கல்லைக் குடையும் உளிக்கு வலிய இரும்பு வேண்டும். சோழர், விசயநகரத்தார், நாயக்கர் எனப் பேரரசுகள் மாறின. கஞ்சமலைக்கு அண்மையிலுள்ள தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெட்டி முதலியார்கள் பதினேழாம் நூற்றாண்டில் கைலாசநாதர் கோயிலின் சிற்ப வேலைகளைச் செய்வித்தனர். இன்றும் அக்கல்தூண்களைக் காண்போர் சிற்பியைப் புகழ்கின்றனர்; சிற்பிக்கு உளி கொடுத்த உலைக்களத்தாரை நினைப்பார் இலர். அரசர் பெயர் கல்லில் உண்டு. கொடையாளர் பெயர் உண்டு. எல்லை வகுத்த ஓடையின் பெயரும் உண்டு. துருத்தி மிதித்தவன் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

உலையும் மூசையும்

அத்தொழில் எவ்வாறு நடந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரிற் கண்ட ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். அவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் கும்பினியின் வணிக அதிகாரியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் கூற்றின் சுருக்கம் இது:

கனிக்கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அரித்தோ முறத்திற் புடைத்தோ வெண்கற்றூளை நீக்குவர். களிமண்ணாலேயே மூன்று முதல் ஐந்தடி உயரமுள்ள உலையைக் கட்டுவர். அடியில் ஏறத்தாழ இரண்டடியும் மேலே ஓரடியும் விட்டமிருக்கும். சில நாழிகையில் கட்டிய உலை மறுநாளே வேலைக்கு ஆயத்தமாகிவிடும். இரண்டு ஆட்டுத் தோல்களாலான துருத்திகளை மாறி மாறி அழுத்த, மூங்கிற் குழாய் வழியாகவும் சுடுமண் ஊதுகுழல் வழியாகவும் காற்று இடையறாது செல்லும். கரியும் கனிமமும் மாற்றி மாற்றி மேலிருந்து இடுவர். மூன்று நான்கு மணி நேரத்தில், உருகி ஓடாத ஆனால் இளகித் திரண்ட இரும்புப் பாளம் அடியில் தங்கும். அதனை வெளியே இழுத்துச் சூட்டோடு சம்மட்டியால் அடித்துக் கழிவை நீக்குவர்.

இது தேனிரும்பு, ஏருக்கும் அரிவாளுக்கும் போதும். வாளுக்கு வேண்டிய உருக்கோ இன்னும் ஒரு படி மேற்பட்டது. இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் கட்டையோடு மூசையிலிட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். இவ்வாறு இருபது இருபத்து நான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் காற்றூதிக் காய்ச்சுவர். மூடிய மூசைக்குள் கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பிற் கலக்கிறது. கரி அளவோடு கலந்த இரும்பே உருக்கு. மூசை ஆறியபின் அதனை உடைத்தால் உள்ளே சிறு உருக்குக் கட்டி இருக்கும். வேலியோரத்து ஆவாரையும் பாழ்நிலத்து எருக்கும் கொண்டு செய்த இந்த அரும்பொருளின் இயல்பை அறிய ஐரோப்பிய அறிஞர் பல்லாண்டு முயன்றனர். இந்திய உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை படித்தார். மின்னியலின் தந்தையருள் ஒருவராகிய மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இதனையே ஆராய்ந்தார். கஞ்சமலை அடிவாரத்துத் தொழிலாளி எழுத்தறியாதவன். ஆனால் அவன் கையறிந்த நுட்பம் அவர்களுக்குப் பாடமாயிற்று.

அரபு நூல்களின் சான்று

இனி நம் தொடக்க வினாவுக்கு வருவோம். அந்த மாணவனின் தோட்டத்துச் சிட்டமும் கஅப் (ரலி) அவர்களின் ‘முஹன்னத்’தும் உறவுடையனவா?

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்யியல் அறிஞர் அல்கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் யமன் வாள், ஹிந்த் வாள், சரந்தீப் வாள் என உருக்கின் தன்மைக்கேற்ப வாள்களை வகைப்படுத்துகிறார். கி.பி. 1048 அளவில் மறைந்த அல்பிரூனி, மணிகளைப் பற்றி எழுதிய ‘அல்ஜமாஹிர்’ நூலில் இரும்புக்கென ஓர் இயல் வகுத்துள்ளார். அல்கிந்தி ‘சரந்தீப்’ என்றது வெறும் கேள்விச் செய்தியன்று என்பது நம் காலத்தில் தெளிவாயிற்று. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் ஜில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்பு உலைகளைக் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். அவை ஏழு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரை வழங்கியவை. நூலிற் கண்ட சொல்லுக்கு மண்ணிலிருந்து சான்று கிடைத்த அருமையான நிகழ்ச்சி அது.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘முஹன்னத்’ என்னும் சொல் ஹிந்த் என்றே சொல்கிறது. எந்த மலை, எந்த ஊர் என்று சொல்லவில்லை. தெலுங்கானத்துக் கோனசமுத்திரத்திலும் மைசூர் நாட்டிலும் உருக்கு வடித்தனர். எனவே “திமிஷ்கின் வாளெல்லாம் சேலத்து இரும்பு” என மேடையில் முழங்குவது வரலாறாகாது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆராயும் மரபில் பயின்ற நாம், ஊர்ப் பெருமைக்கு மட்டும் தொடரில்லாத செய்தியை ஏற்கலாமா? நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: அரபுலகம் போற்றிய உருக்குத் தொழிலை அறிந்திருந்த நாடுகளுள் இதுவும் ஒன்று, இம்மலையடியிலும் அத்தொழில் நடந்தது. இவ்வளவே போதுமான பெருமை.

உலை அணைந்த வரலாறு

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மைசூர் அரசர் இந்நாட்டைச் சிறிது சிறிதாகக் கைக்கொண்டனர். பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்டனர். சங்ககிரி, நாமக்கல் முதலிய கோட்டைகள் அவர்தம் படை தங்கிய இடங்கள். படைப்பணிக்கும் வரிப்பணிக்கும் வந்த தக்கினி பேசும் குடும்பங்களும், தோல், துணி, தானிய வணிகத்துக்காக வந்த இராவுத்தர் குடும்பங்களும் இந்நிலத்தில் வேரூன்றின. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியின் வசமாயின. கர்னல் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் தாமஸ் மன்றோ முதலியோர் நிலங்களை அளந்து வரி விதித்தனர். பின்னாளில் இரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறை முளைவிட்டது இங்கேதான்.

ஹீத் இத்தொழிலைக் கண்டு வியந்ததோடு நிற்கவில்லை. 1825 அளவில் பதவியைத் துறந்து, ஐரோப்பிய முறையில் பெரிய உலைகளை அமைக்க முனைந்தார். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது. மலையாளக் கரையில் பேப்பூரில் மற்றொன்று. சேலத்துக் கனிமம் வண்டியிலும் படகிலும் கடற்கரைக்குச் சென்றது. 1853இல் புதிய கும்பினி ஒன்று அமைந்து, காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் உலை மூட்டப்பட்டது. ஆனால் பெரிய உலைக்குப் பெரிய பசி. இரும்பைவிடப் பன்மடங்கு எடையுள்ள கரி வேண்டியிருந்தது. காடு பின்வாங்கிக்கொண்டே போயிற்று. கரியைத் தொலைவிலிருந்து சுமந்துவரும் செலவு இலாபத்தை விழுங்கியது. 1870களின் நடுப்பகுதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமம் பெற்றார். ஷெஃபீல்டு ஆலையினர் அம்முறையால் செழித்தனர். அவரோ அவர்களோடு வழக்காடியே செல்வத்தை இழந்து 1851இல் மறைந்தார்.

ஆலைகள் மூடப்பட்டது செய்தியாயிற்று. சிற்றூர் உலைகள் அணைந்தது செய்தியாகவில்லை. 1861இல் இருப்புப்பாதை சேலத்துக்கு வந்தது. அதனோடு சீமை இரும்பும் மலிவாக வந்தது. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். 1871இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது 16 இலட்சமாகக் குறைந்துவிட்டது. இறந்தவர் பலர்; ஊரைவிட்டுப் போனவர் பலர். அவர்களில் எத்தனை பேர் துருத்தி பிடித்த கையினர்! எஞ்சியோர்க்கு 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் தடையாயிற்று. தம் பாட்டன்மார் கரி சுட்ட காட்டில் கட்டை வெட்டுவது குற்றமாயிற்று. மலிவான சரக்கு, பஞ்சம், சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து, மூவாயிரம் ஆண்டுத் தொழிலை ஒரு தலைமுறைக்குள் முடித்துவிட்டன. தொழில் போனபின் அதன் சொற்களும் போயின. எஞ்சியது ஒரு மூதாட்டியின் நாவில் ‘சிட்டம்’ என்னும் ஒரு சொல்.

ஆலை எழுந்தது; மலை நின்றது

விடுதலைக்குப் பின், கஞ்சமலைக் கனிமத்தையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் கொண்டு சேலத்தில் உருக்காலை அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 1967 ஜூலையில், முதல்வர் அண்ணா அவர்கள் இதற்காகவும் தூத்துக்குடித் துறைமுகத்துக்காகவும் ‘எழுச்சி நாள்’ கொண்டாடச் செய்தார். 1970 செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. துருவேறா எஃகுத் தகட்டுக்குச் சேலம் பெயர் பெற்றது. ஆனால் ஒரு முரண் கருதத்தக்கது: மலையடியிலேயே அமைந்த அவ்வாலை, அம்மலையின் கனிமத்தைப் பயன்படுத்தவில்லை. வேற்றிடத்து எஃகைக் கொணர்ந்து தகடாக்கியது. தானே எஃகு உருக்கும் பிரிவு 2010இல்தான் அமைந்தது. கஞ்சமலைக் கல்லில் இரும்பு ஏறக்குறைய 35 விழுக்காடே. பழைய தொழிலாளி முறத்திற் புடைத்துத் தேர்ந்தெடுத்த கனிமம், பெருந்தொழிலின் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 2000க்குப் பின் மலையை வெட்டி எடுக்கும் திட்டம் மீண்டும் பேசப்பட்டபோது, நீரூற்றும் நிலமும் போகுமே என்று அடிவாரத்து உழவர்கள் எதிர்த்தனர்.

இன்று அச்சிற்றூர்களில் தறியோசை கேட்கிறது. இளம்பிள்ளைச் சேலைகள் ஊர் ஊராகச் செல்கின்றன. மரவள்ளிக் கிழங்கு விளைந்து ஜவ்வரிசியாகிறது. சில வீடுகளில் வெள்ளிக் கொலுசு செய்கின்றனர்; சிறிய உலையில் மூசையை வைத்து வெள்ளியை உருக்கும் இளைஞனைக் கண்டிருக்கிறேன். அவன் கையிலிருக்கும் மூசைக்கு எத்தனை தலைமுறை மூத்த உறவு இம்மண்ணில் புதைந்து கிடக்கிறது என்பதை அவன் அறியான்.

நமக்கு என்ன?

இவற்றையெல்லாம் பள்ளிவாசல் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், இதெல்லாம் நமக்கு முன்னே இருந்தவங்க காலத்துச் சங்கதி. நமக்கு இதிலே என்ன இருக்கு?”

நேர்மையான கேள்வி. நம் குடும்ப வரலாறு என்றால் இன்ன நவாபு காலத்தில் வந்தோம், இன்ன இறைநேசர் வழியில் வந்தோம் என்று வந்த நாளிலிருந்தே தொடங்கும் பழக்கம் நமக்கு உண்டு. வந்த நாளுக்கு முன்னர் இந்நிலம் வெறுமையாக இருந்ததா? நாம் குடிக்கும் கிணற்றை வெட்டிய கடப்பாரை எந்த உலையிற் பிறந்தது? திருமறையின் 57ஆவது அத்தியாயம் இரும்பின் பெயரையே, ‘அல்ஹதீத்’ எனத் தாங்கி நிற்கிறது. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு இளகிக் கொடுத்த செய்தியையும், அவர்கள் கவசம் செய்த செய்தியையும் நாம் ஓதுகிறோம். உலைக்களத்தில் உழைப்பது இழிதொழில் என்ற எண்ணம் இருக்குமானால் அவ்வோதல் நம்மைத் திருத்த வேண்டும். பூமியிற் சென்று, முன்னிருந்தோர் நிலை என்னவாயிற்று எனப் பாருங்கள் என்பது மறை நமக்குப் பலமுறை இடும் பணி. கஞ்சமலை அடிவாரம் நம் வாசலில் இருக்கிறது. அதற்குப் பயணச் செலவும் இல்லை.

மேலும், ஒரு நிலத்தின் முழு வரலாற்றையும் தன் வரலாறாக ஏற்பவனே அந்நிலத்தின் முழு உரிமையுள்ள மகன். பிறர் நம்மை வந்தவர் என்று சொல்லும்போது வருந்துகிறோம். நாமே நம் வரலாற்றை வந்த நாளிலிருந்து மட்டும் எழுதினால், அச்சொல்லுக்கு நாமே சான்று கொடுத்தவர்களாவோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அம்மாணவனுடன் அவன் தோட்டத்துக்குச் சென்றேன். எந்திரம் முந்திவிட்டது. மேட்டின் பெரும்பகுதி அள்ளப்பட்டுப் பாதைப் பள்ளத்தை நிரப்பப் போயிருந்தது. அவன் அத்தா சலாம் சொல்லி வரவேற்று, “ஹஜ்ரத், இதுக்கு விலை ஏதும் உண்டுங்களா?” என்று கேட்டார். “விலை இல்லை அத்தா; ஆனால் போனால் வராது” என்றேன். மூவாயிரம் ஆண்டுக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு எந்திரக்காரரை அழைத்து, வேப்பமரத்தடி மூலையை அப்படியே விட்டுவிடச் சொன்னார். அங்கே சிட்டமும், உடைந்த ஊதுகுழல் துண்டு ஒன்றும் இன்றும் இருக்கின்றன.

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்தில் இத்தகைய மேடோ, கல்வட்டமோ, மட்கலமோ தென்பட்டால் தோண்ட வேண்டா. அள்ளி எறியவும் வேண்டா. இடத்தையும் நாளையும் குறித்து வைத்து, தொல்லியல் துறையினர்க்கோ சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். வீட்டு மூதாட்டியரிடம் பழைய சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த மாணவனின் பாட்டிமா ‘சிட்டம்’ என்று சொல்லியிராவிட்டால், அவன் அக்கல்லை என்னிடம் கொணர்ந்திருக்க மாட்டான், இக்கட்டுரையும் பிறந்திராது.